லேசர் பிரிண்டர் டோனர்: கடையில் தினமும் கேட்கப்படும் கேள்விகள்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே 19 வருடமாக டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, ஆதார் நகல் என்று காலை பத்து மணிக்கு ஓட ஆரம்பிக்கும் பிரிண்டர் மாலை ஷட்டரை இறக்கும் வரை ஓடும். பக்கத்துத் தெரு டியூஷன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாரும் தங்கள் பிரிண்டர் மக்கர் செய்தால் கார்ட்ரிட்ஜை ஒரு மஞ்சள் பையில் போட்டு என்னிடம் எடுத்து வருவார்கள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கை வைத்துப் பழகியவை பெரும்பாலும் ஹெச்பி, கேனான், பிரதர், சாம்சங் கருப்பு வெள்ளை மெஷின்கள்.

டோனர் என்றால் மைதானே?

மை இல்லை, பொடி. பிளாஸ்டிக் பிசினோடு கரியும் மெழுகும் வேறு சில பொருட்களும் சேர்த்து மாவைவிட மெல்லியதாக அரைத்தது. ஒரு துகள் 5 முதல் 10 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கார்ட்ரிட்ஜுக்குள் பச்சை அல்லது நீல நிறத்தில் பளபளவென்று ஓர் உருளை இருக்கிறதே, அதுதான் டிரம். அதன்மேல் முழுக்க மின்னூட்டம் ஏறும். லேசர் ஒளி பட்ட இடத்தில் மட்டும் அந்த மின்னூட்டம் இறங்கிவிடும், அங்கே பொடி ஒட்டும். அந்தப் பொடி காகிதத்துக்கு மாறி, ஃப்யூசர் என்ற சூடேற்றும் பகுதியில் கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் உருகி அழுந்தும். தாள் சூடாக வெளியே வருவது அதனால்தான்.

இந்த வழியை முதலில் செய்து காட்டியவர் செஸ்டர் கார்ல்சன். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, பொடி தூவி, அந்தத் தேதியையும் ஊர்ப் பெயரையும் காகிதத்தில் பதித்தார். அதோடு லேசரைச் சேர்த்தவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர். 1984இல் வந்த முதல் ஹெச்பி லேசர்ஜெட்டின் உள் எஞ்சின் கேனான் செய்தது. அந்தக் கூட்டு இன்றைக்கும் உங்கள் மேஜையில் தெரியும். ஹெச்பி 1020இல் போடும் 12ஏ கார்ட்ரிட்ஜும் கேனான் எல்பிபி 2900இல் போடும் 303 கார்ட்ரிட்ஜும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றை எடுத்து மற்றதில் போட்டாலும் ஓடும்.

என் பிரிண்டருக்கு எந்த கார்ட்ரிட்ஜ் என்று எப்படித் தெரியும்?

கடைக்குப் போகும்முன் மூடியைத் திறந்து பழைய கார்ட்ரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி கிடையாது. நம் ஊரில் அதிகம் ஓடுபவை: ஹெச்பி 1010, 1018, 1020, கேனான் 2900 என்றால் 12ஏ அல்லது 303. ஹெச்பி பி1007, பி1108, எம்1136 என்றால் 88ஏ. கேனான் எல்பிபி 6030 என்றால் 925. பிரதர் எல்2321டி என்றால் டிஎன்-2365.

35ஏ, 36ஏ, 85ஏ, 88ஏ எல்லாம் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் கார்ட்ரிட்ஜ் எது என்று பிரிண்டருக்குச் சொல்லும் சிப் வேறு. "எல்லாம் ஒண்ணுதான் சார், உள்ளே போயிடும்" என்று யாராவது கொடுத்தால், உள்ளே போகும், பிரிண்டர் முறைக்கும். மாடல் எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

பெட்டியில் 2000 பக்கம் என்று போட்டிருக்கிறது. எனக்கு 1200தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. அந்த எண் ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 என்ற சோதனை முறைப்படி வருவது. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரித் தாள்களை ஒரே முறையில் அச்சிட்டு எண்ணுகிறார்கள். அந்தத் தாளில் கருப்பு விழும் பரப்பு ஏறக்குறைய 5 சதவீதம். சின்னதாக ஒரு கடிதம் அடித்தால் அவ்வளவுதான் வரும்.

ஆனால் நீங்கள் அடிப்பது என்ன? ஆதார் நகல் எடுக்கும்போது மூடியைச் சரியாக மூடாமல் விட்டால் ஓரமெல்லாம் கருப்பாக விழும். அப்படி விழுகிற ஒரு தாள் பத்துக் கடிதத்துக்கான பொடியைக் குடித்துவிடும். ரேஷன் கார்டில் புகைப்படம், பழைய பத்திரத்தில் பழுப்பேறிய பின்னணி எல்லாமே பொடிதான். என் கடையில் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பஞ்சுத்தகட்டை வாரம் ஒருமுறை துடைப்போம். அது அழுக்கானால் ஒவ்வொரு நகலிலும் சாம்பல் படரும், யாருக்கும் தெரியாமல் டோனர் கரையும்.

இன்னொன்று. புதுப் பிரிண்டரோடு வருகிற கார்ட்ரிட்ஜில் பல மாடல்களில் பாதியளவு பொடிதான் இருக்கும். "புதுசு, ஒரே மாசத்தில் தீர்ந்துபோச்சு" என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரிஜினல், கம்பாட்டிபிள், ரீஃபில். எதை வாங்குவது?

கம்பாட்டிபிள் என்றால் வேறு கம்பெனி செய்த பொருந்தும் கார்ட்ரிட்ஜ், ரீஃபில் என்றால் காலி கார்ட்ரிட்ஜில் திரும்பப் பொடி நிரப்புவது. கார்ட்ரிட்ஜின் விலையைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு பக்கத்துக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரிஜினல் 4,500 ரூபாய், 2000 பக்கம் வருகிறது என்றால் பக்கத்துக்கு 2 ரூபாய் 25 பைசா. கம்பாட்டிபிள் 600 ரூபாய், 1500 பக்கம் என்றால் 40 பைசா. ரீஃபில் 250 ரூபாய், 1200 பக்கம் என்றால் 21 பைசா. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதேபோல வகுத்துப் பாருங்கள். அதோடு பாழாகும் தாள், திரும்ப அடிக்கும் நேரம், நடுவில் மெக்கானிக் வந்தால் அந்தச் செலவு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். மோசமான ரீஃபில் ஒன்று ஃப்யூசரை அழுக்காக்கினால் ஒரு வருட மிச்சம் ஒரே நாளில் போகும்.

என் வழக்கம் இது. வாரன்டி ஓடும்வரை புது மெஷினில் ஒரிஜினல்தான். மாதம் 100 பக்கம்கூட அடிக்காத வீட்டுக்கும் ஒரிஜினலையே சொல்வேன், ஒரு கார்ட்ரிட்ஜ் ஒரு வருடத்துக்கு மேல் வரும், தலைவலி இல்லை. டியூஷன் சென்டர், கேள்வித்தாள், நோட்டீஸ் என்றால் நல்ல கம்பாட்டிபிளோ ஒழுங்காகச் செய்த ரீஃபிலோ போதும். பத்திரம் அடிக்கும் மெஷினை நான் தனியாக வைத்திருக்கிறேன். அதில் சோதனை எதுவும் செய்வதில்லை.

ஒரிஜினல் என்று வாங்கியது போலியாக இருந்தால்?

பெட்டியைக் கடையிலேயே திறந்து பாருங்கள். உள்ளே கார்ட்ரிட்ஜ் வெளிச்சம் புகாத பையிலோ, கட்டுக்கோப்பான உறையிலோ இருக்க வேண்டும். பெட்டியின் பாதுகாப்பு முத்திரை சாய்த்துப் பார்க்கும்போது மாற வேண்டும். ஹெச்பி முத்திரையில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் கட்டமும் இருக்கும். அப்புறம் டிரம்மின் இரண்டு ஓரங்களைப் பாருங்கள். ஏற்கெனவே ஓடிய டிரம்மாக இருந்தால் ஓரத்தில் வளையம்போலத் தேய்ந்த தடம் தெரியும். பல்சக்கரத்தின் பல்லிடுக்கில் பொடி படிந்திருந்தால் அது புதுசே கிடையாது. ஒரிஜினலை யாரும் பாதி விலைக்குத் தர முடியாது, அப்படித் தந்தால் வாங்காதீர்கள்.

எந்தக் கருப்புப் பொடியை ஊற்றினாலும் ஓடும்தானே?

ஓடாது. இதில்தான் நிறையப் பேர் கார்ட்ரிட்ஜைக் கெடுக்கிறார்கள். ஹெச்பி 12ஏ, 88ஏ மாதிரிக் கேனான் எஞ்சின் வகைகளில் போடும் பொடியில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும். உள்ளே இருக்கும் மேக்னெட்டிக் ரோலர்தான் அந்தப் பொடியைப் பிடித்து டிரம்முக்குக் கொடுக்கிறது. பிரதர், சாம்சங் கருப்பு வெள்ளை மெஷின்களில் காந்தமே கிடையாது, ரப்பர் ரோலர் கொடுக்கிறது. அந்தப் பொடியில் இரும்பு இல்லை. பிரதர் பொடியின் மின்னூட்டமும் மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. ஒரு வெள்ளைத் தாளில் கடுகளவு பொடியைப் போடுங்கள். தாளுக்கு அடியில் ஃபிரிட்ஜ் மேக்னெட் ஒன்றை மெதுவாக நகர்த்துங்கள். 12ஏ பொடி மயிர்க்கூச்செறிந்த மாதிரி முள்முள்ளாக எழுந்து காந்தத்தின் பின்னாலேயே போகும். பிரதர் பொடி அசையாமல் அப்படியே கிடக்கும். பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் காந்தம் பொய் சொல்லாது.

ஒரே வகைக்குள்ளும் பொடிக்குப் பொடி உருகும் சூடு மாறும். அதனால் பழைய பொடி கொஞ்சம் இருக்கும்போதே வேறு கம்பெனிப் பொடியை மேலே கொட்ட வேண்டாம். துடைத்து எடுத்துவிட்டு நிரப்புங்கள்.

ரீஃபில் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கூடவே நின்று பாருங்கள். பத்து நிமிட வேலைதான். டிரம்மில் ஒட்டிய பொடி முழுக்கக் காகிதத்துக்குப் போவதில்லை. மிச்சத்தை வைப்பர் பிளேடு வழித்து, பின்னால் இருக்கும் கழிவு அறையில் தள்ளும். ரீஃபில் செய்யும்போது பொடி அறையைத் திறப்பதோடு இந்தக் கழிவு அறையையும் திறந்து கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் இரண்டாவது ரீஃபிலில் அது நிறைந்து, டிரம்மின் ஓரம் வழியாகக் கசியும். தாளில் கரித்துணியால் இழுத்த மாதிரிப் பட்டை விழும்.

நான் கடை ஆரம்பித்த புதிதில் டவுனில் ஒருவரிடம் ரீஃபில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சூடு வைத்த கம்பியால் மேலே ஒரு துளை போட்டு, புனல் வைத்துப் பொடியைக் கொட்டி, துளையில் டேப் ஒட்டித் தந்துவிடுவார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்ததே என்று எனக்கு மகிழ்ச்சி. மூன்றாவது முறை, ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் 14 பக்கம். ஒன்பதாவது பக்கத்தில் முத்திரைத்தாளின் குறுக்கே விரல் அகலத்துக்குக் கரிப்பட்டை. கட்சிக்காரர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், டோக்கன் நேரம் நெருங்குகிறது. அன்று ராத்திரியே அந்தக் கார்ட்ரிட்ஜை உடைத்துப் பார்த்தேன். கழிவு அறை கட்டிதட்டிப்போய் நிரம்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரும் பிரஷும் வாங்கி நானே செய்யக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

கழிவுப் பொடியைத் திரும்பப் பொடி அறையில் கலப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் காகிதத் தூசு இருக்கும். அது டிரம்மைக் கீறும். யாராவது அப்படிச் செய்தால் கார்ட்ரிட்ஜைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எத்தனை முறை நிரப்பலாம்?

12ஏ என்றால் என் அனுபவத்தில் இரண்டு, மூன்று முறை. அதற்குப் பிறகு டிரம், வைப்பர் பிளேடு இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். டிரம்மை மட்டும் மாற்றிப் பழைய பிளேடை விட்டால் புது டிரம்மும் சீக்கிரம் கீறிவிடும்.

அச்சில் கோடு, புள்ளி, மங்கல் வருகிறது. டோனர் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் பொடிமேல் குற்றம் இருக்காது. புதுப் பொடி வாங்கும்முன் தாளைப் பாருங்கள், தாளே சொல்லிவிடும்.

மேலிருந்து கீழாக ஒரு பகுதி மட்டும் மங்கலாக இருந்தால், அந்தப் பக்கம் பொடி குறைந்திருக்கிறது. கார்ட்ரிட்ஜைக் கழற்றி, இரண்டு கையாலும் நெல் புடைக்கிற மாதிரி இடவலமாக ஐந்தாறு முறை மெதுவாக ஆட்டுங்கள். அப்படியும் மங்கினால் ரீஃபில் வேண்டும்.

மேலிருந்து கீழாக மெல்லிய கருப்புக் கோடு வந்தால் டிரம்மில் கீறல், அல்லது வைப்பர் பிளேடின் ஓரம் பிசிறிப்போயிருக்கிறது. மெல்லிய வெள்ளைக் கோடு என்றால் மேக்னெட்டிக் ரோலரின் மேல் இருக்கும் டாக்டர் பிளேடில் ஏதோ துகள் சிக்கியிருக்கும், அல்லது லேசர் கண்ணாடியில் தூசு. ஜெராக்ஸ் எடுக்கும்போது மட்டும் கோடு வந்து, கம்ப்யூட்டரிலிருந்து அடிக்கும்போது வராவிட்டால் கார்ட்ரிட்ஜைத் தொடவே வேண்டாம். ஸ்கேனர் கண்ணாடியில் அழுக்கு. இதைப் பார்க்காமலே கார்ட்ரிட்ஜ் மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேலை எடுங்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சுற்றளவு உண்டு. 12ஏ, 88ஏ வகை டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர், சுற்றளவு ஏறத்தாழ 75. புள்ளிகளுக்கு நடுவே ஏழரை சென்டிமீட்டர் இருந்தால் டிரம்மில் காயம். அதில் பாதியளவுக்கு வந்தால் டிரம்முக்கு மின்னேற்றும் பிசிஆர் ரோலரில் அழுக்கு. அதை ஈரமில்லாத மெல்லிய துணியால் துடைத்தாலே பல நேரம் போய்விடும். இந்த ஸ்கேல் கணக்கைப் பழகிக்கொண்டால் மெக்கானிக் வரும்முன்பே உங்களுக்கு நோய் தெரியும்.

தாள் முழுக்கச் சாம்பல் படர்ந்தால் பொடி பொருந்தவில்லை, அல்லது பிசிஆர் தேய்ந்துவிட்டது.

விரலால் தடவினால் எழுத்து அழிகிறதே?

ஃப்யூசர் அந்தத் தாளுக்குப் போதுமான சூட்டைத் தரவில்லை. முத்திரைத்தாள் அடிப்பவர்கள் இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முத்திரைத்தாள் சாதாரண தாளைவிடக் கனமாகவும் முரடாகவும் இருக்கும். சாதாரண அமைப்பில் அடித்தால் பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். மடிக்கிற இடத்தில் நகத்தால் சுரண்டினால் சர்வே எண்ணோ, நான்கெல்லையோ உதிர்ந்து வரும். பத்திரம் ஐம்பது வருடம் பெட்டியில் கிடக்கப்போகிறது.

கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுக்கும்போது திறக்கும் பெட்டியில் பேப்பர் வகை என்ற இடத்தில் கனமான தாளுக்கான ஹெவி அல்லது பாண்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெஷின் கொஞ்சம் மெதுவாக, கூடுதல் சூட்டில் ஓடும். அடித்ததும் ஆறுகிறவரை இரண்டு நிமிடம் விட்டு, ஓரத்தில் ஒரு எழுத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நான் ஒவ்வொரு பத்திரத்தின் முதல் தாளுக்கும் இதைச் செய்கிறேன். சாதாரணத் தாளிலும் அழிகிறது என்றால் ஃப்யூசரில் டெஃப்லான் ஃபிலிம் கிழிந்திருக்கும், இல்லாவிட்டால் மலிவுப் பொடி. ஸ்டேப்ளர் பின்னோடு தாளை உள்ளே விடுவதுதான் அந்த ஃபிலிமுக்கு எமன்.

பிரதரில் டோனர் மாற்றியும் "டிரம்" என்று விளக்கு எரிகிறது. ஏன்?

பிரதரில் டோனர் தனி, டிரம் தனி. டோனர் 2600 பக்கம் என்றால் டிரம் 12,000 பக்கம். நாலைந்து டோனருக்கு ஒரு டிரம். டோனரை மட்டும் மாற்றலாம் என்பதால் செலவு குறைவு, எனக்குப் பிடித்த அமைப்பு அது. கருப்புக் கோடு வந்தால் டிரம்மை வெளியே எடுத்து, மேலே இருக்கும் பச்சை நிறக் கொக்கியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நாலைந்து முறை தள்ளுங்கள். உள்ளே டிரம்முக்கு மின்னேற்றும் கொரோனா கம்பி சுத்தமாகும். முடிந்ததும் அந்தக் கொக்கியை அம்புக்குறிக்கு நேராகப் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் கருப்புப் பட்டை விழும். போனில் கூப்பிட்டு "சுத்தம் பண்ணினதும் இன்னும் மோசமாயிடுச்சு" என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

"டோனர் லோ" வந்தால் உடனே மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அது எச்சரிக்கை. அச்சு மங்கும்வரை ஓட்டலாம். அடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பொடியைக் குறைத்து அடிக்கும் டோனர் சேவ், எகனாமோடு எப்போதும் போட்டு வைக்கலாமா?

வரைவுத் தாள், பிழை திருத்தும் படிகளுக்குப் போடுங்கள், நல்ல மிச்சம். எப்போதும் போட்டு வைப்பதை ஹெச்பியே பரிந்துரைப்பதில்லை. பொடி தீரும்முன் கார்ட்ரிட்ஜின் மற்ற பாகங்கள் தேய்ந்துபோகும். தமிழ் எழுத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு: சின்ன எழுத்தில் புள்ளியும் கொம்பும் மங்கி, மெய்யெழுத்து உயிர்மெய்யாகத் தெரியும். பத்திரத்தில் ஒரு பெயர் அப்படி மாறினால் திருத்தல் பத்திரம்வரை போகும்.

காகிதத்துக்கும் டோனருக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. மட்டமான தாள் உதிர்க்கும் தூசுதான் டிரம்மையும், ட்ரேயிலிருந்து தாளை இழுக்கும் பிக்கப் ரோலரையும் சாப்பிடுகிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் டிஎன்பிஎல் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து செய்கிற காப்பியர் தாளைத்தான் நான் வருடக்கணக்கில் போடுகிறேன். எந்தக் கம்பெனித் தாளானாலும் 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் இரண்டு பக்கமும் அடிக்கலாம், பின்பக்கம் தெரியாது.

ஜிஎஸ்எம் சொன்னபடி இருக்கிறதா என்று தராசே சொல்லும். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். 500 தாள் கொண்ட 75 ஜிஎஸ்எம் கட்டு சுமார் 2 கிலோ 340 கிராம் இருக்க வேண்டும். 70 என்றால் 2 கிலோ 190 கிராம். நான் ஒருமுறை புது ஏஜென்சியிடம் 75 என்று வாங்கிய கட்டைப் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். 2 கிலோ 100 காட்டியது. அன்றோடு அந்த இடத்தில் வாங்குவதை விட்டேன்.

ஐப்பசி, கார்த்திகையில் தாள் ஈரம் குடிக்கும். சுருண்டு சிக்கும், அச்சு திட்டுத்திட்டாக விழும். கார்ட்ரிட்ஜ்மேல் பழியைப் போடாமல், பிரித்த கட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். ட்ரேயில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள். தரையில் வைக்காதீர்கள், பலகைமேல் வையுங்கள்.

இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசரில் விடக்கூடாது. அதன் பூச்சு சூட்டில் உருகி ஃப்யூசரில் சுற்றிக்கொள்ளும்.

சிப் பற்றிச் சொல்லுங்கள். சில மெஷின் ரீஃபிலை ஏற்பதே இல்லையே?

12ஏவில் சிப் கிடையாது. அந்தப் பழைய 1020ஐயும் 2900ஐயும் கடைக்காரர்கள் இன்றும் கைவிடாததற்கு அதுவே பெரிய காரணம். 88ஏவில் சிப் உண்டு, ஆனால் முனகிக்கொண்டே ஓடிவிடும். புது ஹெச்பி மாடல்கள் பலவற்றில் டைனமிக் செக்யூரிட்டி என்ற ஏற்பாடு இருக்கிறது. ஹெச்பி சிப் இல்லாத கார்ட்ரிட்ஜை மென்பொருள் புதுப்பித்தல் வழியாகத் தடுத்துவிடும். ஹெச்பியின் சிப்பையே திரும்பப் பயன்படுத்திய ரீஃபில் ஓடும். மாடல் பெயரின் கடைசியில் "இ" சேர்ந்த ஹெச்பி பிளஸ் வகைகள் ஒரிஜினலும் இன்டர்நெட்டும் இருந்தால்தான் ஓடும். பிரிண்டர் வாங்கும் அன்றே இதைக் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

ரீஃபில் செய்வதே சட்டப்படி தப்பா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் கம்பெனி இதற்காகவே இம்ப்ரெஷன் ப்ராடக்ட்ஸ் என்ற கடைமேல் வழக்குப் போட்டது. 2017 மே 30 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு கார்ட்ரிட்ஜை விற்றுவிட்டால் அதன்மேல் கம்பெனிக்கு இருந்த காப்புரிமைப் பிடி அதோடு தீர்ந்தது என்று சொல்லிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளை நிரப்பிப் பயன்படுத்துவதில் ஒரு தப்பும் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் ரீஃபிலை ஒரிஜினல் பெட்டியில் போட்டு விற்பது திருட்டு.

வாங்கி வைத்த கார்ட்ரிட்ஜை எப்படிப் பாதுகாப்பது?

பை பிரிக்காமல், படுக்கை வாட்டில், நிழலில். 40 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுப் போனால் பொடி உள்ளேயே கட்டியாகும். பிரித்த பிறகு டிரம்மை வெளிச்சத்தில் வைக்கக் கூடாது, விரலால் தொடவும் கூடாது. ஒரு ஆசிரியர் கார்ட்ரிட்ஜைத் துடைத்து ஜன்னல் திட்டில் காய வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வந்து போட்டால் தாளெல்லாம் கருமேகம். வெளியே எடுத்தால் ஒரு கருப்புத் துணியால் மூடுங்கள்.

யூபிஎஸ்ஸில் போடலாமா?

சின்ன யூபிஎஸ்ஸில் வேண்டாம். கம்ப்யூட்டருக்கு வாங்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். ஃப்யூசர் சூடேறும் நொடியில் லேசர் பிரிண்டர் அதைவிட அதிகமாக இழுக்கும். யூபிஎஸ் கீச்சிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். நேராகச் சுவர் பாயின்ட்டில் போடுங்கள்.

பொடி கொட்டிவிட்டால்?

ஃபேனை நிறுத்துங்கள், முதல் வேலை அது. உலர்ந்த தாளால் கூட்டி அள்ளி, மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் பட்டால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் பிசின் இளகி நூலில் பிடித்துக்கொள்ளும், அப்புறம் போகவே போகாது. வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம். துகள் அதன் பையைத் தாண்டி அறை முழுக்கப் பறக்கும், மின்பொறி பட்டால் பற்றவும் கூடும். தினமும் ரீஃபில் செய்யும் பையன்களுக்கு முகக்கவசம் கட்டாயம். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கருப்பாக வருகிற வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் வெறும் முகத்தோடு கொடுக்காதீர்கள்.

தாள் எடுக்காமல் சுற்றுகிறது. இதுவும் கார்ட்ரிட்ஜா?

இல்லை, பிக்கப் ரோலர். ரப்பர் வழவழப்பாகியிருக்கும். மெஷினை அணைத்து, ஆறியதும் ரோலரைக் கழற்றி, லேசாகத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துக் காய வைத்துப் போடுங்கள். இரண்டு தாள் ஒன்றாக வந்தால், தாளைத் தனித்தனியாகப் பிரித்துவிடும் செபரேஷன் பேடு மாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு டீ, வடைச் செலவைவிடக் கொஞ்சம்தான் கூட.

டேங்க் லேசர் வாங்கலாமா?

ஹெச்பி நெவர்ஸ்டாப் மாதிரி வகைகளில் பொடியைச் சிரிஞ்சு போன்ற குப்பியால் நாமே அழுத்தி ஏற்றலாம். 103ஏ குப்பி 2500 பக்கம், டிரம் 20,000 பக்கம். மாதம் ஆயிரம் பக்கத்துக்கு மேல் அடிக்கும் ஆபீஸுக்கு நன்றாக வரும். வீட்டுக்குத் தேவையில்லை.

கலர் லேசரில் கருப்பு மட்டும் அடித்தால் மற்ற நிறம் தீராதுதானே?

குறையும். மெஷின் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும்போது நான்கு நிறத்தையும் கொஞ்சம் செலவழிக்கும். கருப்பு எழுத்துதான் முக்கால்வாசி வேலை என்றால் கருப்பு வெள்ளை மெஷின் ஒன்று தனியாக வைத்துக்கொள்வது மேல்.

காலி கார்ட்ரிட்ஜை என்ன செய்வது?

குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், எரிக்கவே எரிக்காதீர்கள். நம் நாட்டு மின்கழிவு விதிகளில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் சேர்த்தே பட்டியலில் இருக்கிறது. கம்பெனிகளுக்குத் திரும்பப் பெறும் ஏற்பாடு உண்டு, ஹெச்பியினுடையது பிளானட் பார்ட்னர்ஸ். உடையாத ஒரிஜினல் ஓடு என்றால் ரீஃபில் கடைக்காரரே காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். கொடுக்கும்முன் ஓட்டின் மேல் ஆணியால் ஒரு கீறல் போட்டுக் கொடுங்கள். அதே ஓடு பளபளவென்று பெட்டிக்குள் "புதுசாக" உங்களிடமே திரும்பி வந்தால் அடையாளம் தெரியும்.